சுவரை விட்டு வந்த கறுப்பு

ஓவிய வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு படத்தைத் தீட்டியவர் யார், எந்த ஆண்டில் தீட்டினார், முதலில் யார் வாங்கினார், இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் தேடிப் பிடித்து எழுதிவிடுகிறார்கள். அந்தப் படம் எதன்மேல் மாட்டப்பட்டது, எந்தப் பக்கத்திலிருந்து அதன்மேல் வெளிச்சம் விழுந்தது, பார்ப்பவர் அதைச் சுற்றி நடக்க முடிந்ததா என்பதை எழுதுகிறவர் அபூர்வம். அதெல்லாம் ஏணியும் சுத்தியலும் வைத்திருக்கும் காட்சிக்கூட ஊழியர்களின் காரியம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். பல ஓவியர்களுக்கு இந்த வழக்கத்தால் பெரிய நட்டம் இல்லை. பிரெஞ்சு அரூப ஓவியர் பியேர் சூலாஜுக்கு நட்டம் பெரிது. அவருடைய பெரிய கறுப்பு ஓவியங்களைச் சுவரில் மாட்டாமல், தரைக்கும் கூரைக்கும் இடையே இழுத்துக் கட்டிய உலோக வடங்களில் பொருத்தி, கூடத்தின் நடுவே நிறுத்திக் காட்டும் முறை ஒன்று உண்டு. கறுப்பு ஓவியம் பிறந்தது, அதற்கு ஏற்ப இந்த முறை வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் வரிசை மாறுகிறது. நிறுத்தும் முறை முந்தியது, ஓவியம் பிந்தியது. இதை ஒப்புக்கொண்டால், அதே ஓவியங்களை இன்று சுவரில் மாட்டி மேலிருந்து இரண்டு விளக்குகளைத் திருப்பிவிடும் காட்சிக்கூடங்கள் செய்வது என்ன என்பதையும் நாம் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கும்.

முதலில் ஓவியத்தைப் பார்த்துவிடலாம். பாரிஸின் பொம்பிது மையத்தின் சேகரிப்பில் 1985-இல் சூலாஜ் தீட்டிய ஒரு பெரிய படைப்பு இருக்கிறது. 81 செ.மீ. உயரமும் 362 செ.மீ. அகலமும் உள்ள நான்கு நீளக் கித்தான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மொத்த உயரம் 324 செ.மீ. அதன் பெயரும் அவ்வளவுதான்: ஓவியம், அளவு, ஆண்டு. நான்கு கித்தான்களிலும் கறுப்பு எண்ணெய் வண்ணம் தவிர வேறு நிறம் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு தடிமனாகப் பூசப்பட்டு, அகலத் தூரிகையாலும் தட்டையான கருவிகளாலும் இழுக்கப்பட்டிருக்கிறது. சில பகுதிகளில் தூரிகை மயிர்கள் உழுத சால்கள் இணையாக ஓடுகின்றன. சில பகுதிகள் வழவழப்பாகக் கிடக்கின்றன. சால்களின் ஒரு சரிவில் வெளிச்சம் பட்டு வெள்ளியாகத் தெரிகிறது, மறு சரிவு இருட்டில் இருக்கிறது. பார்ப்பவர் நாலடி நகர்ந்தால் வெள்ளி இருந்த இடம் கறுக்கிறது, கறுத்திருந்த இடம் விடிகிறது. எண்ணெய்க் காப்பு ஏறிய கருங்கல் சிலையின்மேல் தீபத்தட்டு அசையும்போது தோளும் முழங்காலும் மாறி மாறித் துலங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. கறுப்பு இங்கே வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் கருவி. எனவே இந்தப் படத்தின் நிறம் கித்தானில் மட்டும் இல்லை. விளக்கு இருக்கும் இடம், சன்னல் இருக்கும் திசை, எதிர்ச் சுவரின் வண்ணம், பார்ப்பவர் நிற்கும் கோணம் எல்லாம் சேர்ந்துதான் நிறம். ஒளிப்படங்களில் இந்த ஓவியங்கள் உயிரற்றுத் தெரிவதற்கும் காரணம் இதுவே. கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது.

சூலாஜ் இந்தக் கறுப்புக்கு வந்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1919 டிசம்பர் 24 அன்று தென் பிரான்ஸின் ரொதெஸ் நகரில் பிறந்தவர் அவர். போருக்குப் பிறகு 1946-இல் பாரிஸ் பகுதியில் குடியேறி, மரச்சாமான்களுக்கு நிறமேற்றப் பயன்படும் வாதுமைக்கொட்டைத் தோல் சாயத்தால் காகிதத்தில் பட்டை பட்டையாகத் தீட்டத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் படங்களில் கறுப்பு ஒரு வெளிர்ப் பின்னணியோடு மோதியது, அல்லது சுரண்டப்பட்டுக் கீழேயிருந்த சிவப்பையும் நீலத்தையும் காட்டியது. 1979 ஜனவரியில் ஒரு படம் பிடிபடாமல் மணிக்கணக்காகப் போராடிக் களைத்துத் தூங்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது, கித்தான் முழுவதும் கறுப்பாகியிருந்ததையும், அந்தக் கறுப்பின் பரப்பில் வெளிச்சம் உலவுவதையும் கண்டார். தான் இதுவரை செய்துவந்ததை விட்டு வேறொன்றைச் செய்துகொண்டிருப்பதை அப்போது உணர்ந்ததாகச் சொன்னார். பிற்காலத்தில் அதற்கு 'ஊத்ரநுவார்' என்று ஒரு பெயரும் வைத்தார். அழகான கதை. உண்மையாகவே நடந்ததும்கூட. ஆனால் ஓர் இரவில் எல்லாம் தொடங்கியதாகச் சொல்லும் கதைகளுக்கு ஒரு தீமை உண்டு. அதற்கு முன்னால் இருந்த உழைப்பையும் தற்செயல்களையும் அந்த இரவு விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்டவற்றில் ஒன்று, அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்தது.

அங்கே போவதற்கு முன் சுவரின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓவியத்தைச் சுவரில் ஒற்றை வரிசையாக, கண் மட்டத்தில், இடைவெளி விட்டு மாட்டுவது இயற்கையான ஏற்பாடு என்று நமக்குத் தோன்றுகிறது. அது மிகவும் இளைய ஏற்பாடு. பாரிஸின் லூவர் மாளிகையில் 'சதுரக் கூடம்' என்று அழைக்கப்படும் அறையில் 1725 முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரசு ஆதரவுடன் ஓவியக் கண்காட்சி நடந்தது. அங்கே படங்கள் தரையருகிலிருந்து கூரைவரை சட்டத்தோடு சட்டம் இடிக்க மாட்டப்பட்டன. மேலே மாட்டப்பட்ட ஓவியனின் தலையெழுத்து யார் கண்ணிலும் படாமல் போவது. பொன்முலாம் பூசிய தடித்த சட்டம்தான் ஒரு படத்தை அடுத்த படத்திலிருந்து காப்பாற்றியது. 1929-இல் தொடங்கப்பட்ட நியூயார்க் நவீன கலைக்கூடத்தில் ஆல்ஃபிரெட் பார் வெளிர்ச் சுவரில் ஒற்றை வரிசையை வழக்கமாக்கினார். உலகம் அதைப் பின்பற்றியது. சுவர் மௌனமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அதே காலத்தில், சுவரையே சந்தேகித்த சிலரும் இருந்தார்கள். 1942-இல் பெகி குகன்ஹைமின் நியூயார்க் காட்சிக்கூடத்தை வடிவமைத்த ஃபிரடெரிக் கீஸ்லர், சட்டங்களைக் கழற்றிவிட்டு, வளைந்த சுவரிலிருந்து நீளும் கைகளில் படங்களைப் பொருத்தினார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்திருந்த கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, ஒரு சிறுநகர அருங்காட்சியகத்துக்கான கற்பனைத் திட்டத்தில், பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியத்தை எந்தச் சுவரிலும் சாராமல் தனியே நிற்கும் தடுப்பாகக் காட்டினார். இத்தாலியில் ஃபிராங்கோ அல்பீனி பழைய ஓவியங்களை மெல்லிய கம்பங்களில் நிறுத்தினார். 1968-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் லீனா போ பார்தி இன்னும் துணிந்து, முழுச் சேகரிப்பையும் கான்கிரீட் கட்டைகளில் செருகிய கண்ணாடித் தகடுகளின்மேல் ஒரே கூடத்தில் காடுபோல நிற்க வைத்தார். சூலாஜின் வடங்களைத் தனி ஒருவரின் விசித்திரமாகப் பார்ப்பவர்கள் இந்தப் பரம்பரையை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பரம்பரைக்கும் சூலாஜுக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார்: ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனி. போர் முடிந்த காலத்தில் நியூயார்க் நவீன கலைக்கூடத்தின் ஓவிய, சிற்பப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஸ்வீனி, 1948-இல் பாரிஸில் பேர் தெரியாத இளைஞராக இருந்த சூலாஜின் பட்டறைக்குப் போய்ப் படங்களைப் பார்த்தார். அங்கே தொடங்கிய உறவு நெடுங்காலம் நீடித்தது. 1952-இல் ஸ்வீனி குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். அவர் அங்கே செய்த முதல் காரியங்களில் ஒன்று, படங்களின் கனத்த சட்டங்களைக் கழற்றியது. 1953-இல் அவர் அங்கே நடத்திய இளைய ஐரோப்பிய ஓவியர்கள் கண்காட்சியில் சூலாஜ் இடம்பெற்றார். பிறகு ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய சுருள் வடிவக் கட்டடம் வந்தது. சாய்ந்த சுவரில் படங்கள் ஓவியனின் தாங்கியில் இருப்பதுபோலச் சாய்ந்து நிற்க வேண்டும், மேலிருந்து இயற்கை வெளிச்சம் வர வேண்டும் என்பது ரைட்டின் எண்ணம். ஸ்வீனி அதை ஏற்கவில்லை. 1959-இல் கட்டடம் திறந்தபோது, சுவரிலிருந்து நீண்டுவரும் உலோகத் தண்டுகளின் முனையில் படங்களைப் பொருத்தி, வெள்ளைப் பின்னணியில் விளக்கு வெளிச்சத்தில், அவை காற்றில் மிதப்பதுபோல நிறுத்தினார். ரைட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை யார் பக்கம் நியாயம் என்பது தனி வழக்கு. நம் விஷயத்துக்கு முக்கியமானது, ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானம் ஸ்வீனியிடம் சூலாஜின் கறுப்புக்கு இருபது ஆண்டுகள் முன்பே முற்றியிருந்தது என்பதே.

1960-இல் குகன்ஹைமை விட்டு விலகிய ஸ்வீனி, அடுத்த ஆண்டு ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். அங்கே அவருக்குக் கிடைத்த கூடம் மீஸ் வான் டெர் ரோ கட்டி 1958-இல் திறக்கப்பட்ட கலினன் கூடம். உயர்ந்த கூரை, நடுவில் தூண் இல்லாத ஒரே விரிந்த தளம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஓவியம் மாட்டுவதற்கு ஒத்தாசையான இடம் என்று எந்தக் காட்சிக்கூட ஊழியரும் அதைச் சொல்லமாட்டார். 1966-இல் சூலாஜின் பெரிய கண்காட்சியை ஸ்வீனி அங்கே நடத்தினார். படங்கள் கூரையிலிருந்து வந்த வடங்களில், கூடத்தின் வெட்டவெளியில் நிறுத்தப்பட்டன. உள்ளே வந்தவர் சுவரோரமாக வரிசையில் நடக்கவில்லை. படங்களுக்கு இடையே நடந்தார். ஒரு படத்தைத் தாண்டிப் போனால் அதன் முதுகு தெரிந்தது, அதற்கப்பால் வேறொரு படம் முகம் காட்டியது. தூரத்தில் இருப்பதும் அருகில் இருப்பதும் ஒரே பார்வையில் விழுந்தன. சுவரில் தொங்கும் படம் ஒரு சன்னல்போல நடந்துகொள்கிறது. சன்னலுக்கு அப்பால் ஏதோ ஒரு காட்சி இருப்பதாக மனம் நினைத்துக்கொள்கிறது, அரூப ஓவியமானாலும்கூட. ஹூஸ்டனில் அந்த நினைப்புக்கு இடமில்லாமல் போயிற்று. பின்னால் எதுவும் இல்லை என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. படம் அறைக்குள் நிற்கும் ஒரு பொருளாயிற்று. படமே ஒரு சுவராயிற்று.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். மீஸின் கூடத்தில் சுவர் இல்லை, அதனால் தொங்கவிட்டார்கள். இடம் போதாதவன் கயிறு கட்டித் துணி உலர்த்துவதற்குக் கொள்கை என்று பெயர் வைக்கலாமா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹூஸ்டனில் வடம் வந்ததற்குக் கட்டடம் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுவரில்லாத கூடத்தில் தற்காலிகத் தடுப்புப் பலகைகளை நிறுத்திப் படம் மாட்டுவது எல்லா ஊர்களிலும் தெரிந்த வித்தை. அந்த எளிய வழி அங்கே தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதைவிட முக்கியம், பிற்பாடு நடந்தது. பொம்பிது மையத்தையும் சாட்சிக்கு அழைக்கலாம். 2009 அக்டோபரில் தொடங்கி 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த அங்கத்திய பெரும் கண்காட்சியிலும் பிற்காலக் கறுப்பு ஓவியங்கள் கூடத்தின் நடுவே வடங்களில் நின்றன. ஆனால் பொம்பிதுவின் தளங்களும் நிலையான உள்சுவர் இல்லாத திறந்த தளங்கள்தாம், அதனால் அந்தச் சாட்சியை நான் வலியுறுத்தப் போவதில்லை. மோன்பெலியே நகரின் ஃபாப்ர் அருங்காட்சியகம்தான் இந்த வழக்கைத் தீர்க்கிறது. சூலாஜும் அவர் மனைவி கோலெத்தும் 2005-இல் அதற்கு 20 ஓவியங்களைக் கொடையாக அளித்தார்கள். அவற்றுக்காகவே ஒரு புதிய பகுதி கட்டப்பட்டு, 2007-இல் அருங்காட்சியகம் மீண்டும் திறந்தபோது பார்வைக்கு வந்தது. சுவர் எத்தனை வேண்டுமோ அத்தனை கட்டியிருக்கலாம். கட்டவும் செய்தார்கள். அப்படியும் பெரிய கறுப்பு ஓவியங்கள் கூடத்தின் நடுவில், இரட்டைக் கண்ணாடி முகப்பின் வழியே வடிந்து வரும் பகல் வெளிச்சத்தில், வடங்களில் நிறுத்தப்பட்டன. கட்டாயத்தால் தொடங்கிய ஒன்று கட்டாயம் நீங்கிய பிறகும் நாற்பது ஆண்டுகள் நீடித்தால் அதைக் கட்டாயம் என்று சொல்வது சரியாகாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 1966 முந்தியது, 1979 பிந்தியது. முந்தியது பிந்தியதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாமே? ஹூஸ்டனில் நின்றதால்தான் சூலாஜ் கறுப்புக்கு வந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஓவியம் என்பது அறைக்குள் நிற்கும் பொருள், வெளிச்சம் அதன்மேல் விழும் நிகழ்ச்சி என்ற எண்ணம் அவரிடம் படிப்படியாக வளர்ந்ததற்குத் தடயங்கள் உண்டு. ஹூஸ்டன் அவற்றில் மிகத் தெளிவானது என்றுதான் சொல்கிறேன். முதல் தடயம் 1948-இலேயே இருக்கிறது. போரில் சேதமடைந்த பாரிஸ் ரயில் நிலையக் கூரைக் கண்ணாடிகளில் தார் பூசி ஒட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து, அவர் உடைந்த கண்ணாடித் துண்டுகளின்மேல் தாரால் தீட்டினார். கண்ணாடியில் தீட்டியதைச் சுவரோடு ஒட்ட வைத்தால் அதன் உயிர் போய்விடும். பின்னாலிருந்து வெளிச்சம் வர வழி வேண்டும். அடுத்த தடயம் நாடக மேடை. ரொஜே வாயான் எழுதிய ஒரு நாடகத்துக்கு 1949-இலும், கிரகாம் கிரீனின் நாவலைத் தழுவிய நாடகத்துக்கு 1951-இலும் சூலாஜ் அரங்கம் அமைத்தார். மேடையில் நிற்கும் தட்டிக்குத் தனி நிறம் கிடையாது. விளக்கு மாறும்போது அதுவும் மாறும். இதைத் தொழிலாகச் செய்து பார்த்த ஓவியர் அவர். மூன்றாவது, படங்களின் பெயர்கள். மோன்பெலியேயில் உள்ள 1979 ஏப்ரல் 14 ஓவியத்தின் பெயர் 162 × 127 செ.மீ. என்ற அளவும் அந்தத் தேதியும் மட்டுமே. கதை சொல்லாத, பொருளைச் சுட்டும் பெயர். இத்தனையும் சேர்ந்திருந்த கண்ணுக்குத்தான் 1979-இன் அந்த இரவில் கறுப்பின் மேல் உலவிய வெளிச்சம் தெரிந்தது. அதே படத்தை வேறொருவர் பார்த்திருந்தால் கெட்டுப்போன கித்தான் என்று மூலையில் சாய்த்திருப்பார்.

1979-க்குப் பிந்திய சான்று ஒன்றையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது இந்த வாதத்தின் மிக வலுவான கால். ரொதெஸுக்கு வடக்கே மலைச்சரிவில் கோங்க் என்ற சிற்றூர். அங்குள்ள செயின்ட் ஃபோவா மடாலயத்தின் பழைய ரோமனெஸ்க் தேவாலயம் சூலாஜ் சிறுவயதில் பார்த்து மனம் பறிகொடுத்த கட்டடம். 1986-இல் அதன் சன்னல்களைச் செய்யும் பணி அவரிடம் வந்தது. துலூஸ் நகரக் கண்ணாடிக் கைவினைஞர் ழான்-தொமினிக் ஃப்ளூரியுடன் சேர்ந்து 1994 வரை அதில் உழைத்தார். மொத்தம் 104 திறப்புகள். வண்ணக் கண்ணாடியின் செல்வமான பிரான்ஸில், அவர் வண்ணமே இல்லாத கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். தெளிந்த கண்ணாடியும் இல்லை. ஊடே வெளிக்காட்சி தெரியாது, வெளிச்சம் மட்டும் சீரற்றுக் கசிந்து வரும். சந்தையில் கிடைத்த எதுவும் பொருந்தாததால், சோதனைமேல் சோதனை செய்து அந்தக் கண்ணாடியையே உருவாக்க வேண்டியிருந்தது. காலையில் ஒரு பக்கம் நீலம் படிந்தும் மறுபக்கம் வெதுவெதுப்பாகவும் தெரியும் சன்னல்கள், பொழுது சாயும்போது இடம் மாற்றிக்கொள்கின்றன. கூடத்தை முதலில் படித்து, அங்கே வெளிச்சம் எப்படி நடக்கிறது என்று பார்த்து, அதன் பிறகே பொருளைத் தீர்மானித்த வேலை இது. காட்சிப்படுத்தலும் படைப்பும் இங்கே பிரிக்க முடியாதவை. கறுப்பு ஓவியத்தில் கித்தான் செய்வதைக் கோங்கில் கண்ணாடி செய்கிறது. சூலாஜின் சாதனைகளில் எது தலையாயது என்று கேட்டால் நான் தயங்காமல் இந்த 104 சன்னல்களைச் சொல்வேன். அவற்றை வேறெங்கும் கழற்றிக்கொண்டு போக முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நல்ல ஓவியம் எங்கே மாட்டினாலும் நிற்க வேண்டும், தனக்கென்று கூடமும் வடமும் கேட்கும் ஓவியம் பலவீனமானது என்று வாதிடுவோர் உண்டு. சூலாஜே தம் படங்களை எண்ணற்ற முறை சுவரில் மாட்டவும் சம்மதித்தார் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அது உண்மை. அவருடைய நூறாவது பிறந்தநாளை ஒட்டி 2019 டிசம்பரில் லூவரில் கண்காட்சி நடந்தது. நடந்த இடம், முன்னே சொன்ன அதே சதுரக் கூடம். ஒரு காலத்தில் கூரைவரை படங்கள் நெருக்கியடித்த அறையில், ஏறத்தாழ எழுபது ஆண்டு உழைப்பிலிருந்து தேர்ந்தெடுத்த இருபது சொச்சம் படைப்புகள் மட்டும் இடம்பெற்றன. அவற்றில் அவர் 99 வயதில் தீட்டிய, ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரமான புதிய கறுப்பு ஓவியங்களும் இருந்தன. அங்கே அவருடைய தொடக்ககால வாதுமைச் சாயப் படங்கள் சுவரில் இருந்ததில் எந்தக் குறையும் இல்லை. வெள்ளைக் காகிதத்தில் கரும்பட்டை. அதன் விசை காகிதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 1950-களின் எண்ணெய் ஓவியங்களும் அப்படியே. சுவர் அவற்றிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. அதனால் ஓவியர் மேல் ஒரே சட்டத்தைப் போடுவது தவறு. 1979-க்குப் பிந்திய பெரிய கறுப்பு ஓவியங்களுக்குத்தான் என் வாதம். அவையும் சுவரில் 'நிற்கும்'. எந்தப் படமும் கீழே விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் நேர் மேலிருந்து விழும் இரண்டு வலுவான விளக்குகளின் கீழ், குறுகலான அறையில், பார்ப்பவர் பக்கவாட்டில் நகர இடமில்லாமல் வைத்தால், சால்கள் பளபளப்பான கோடுகளாகச் சுருங்குகின்றன. வழவழப்பான பகுதிகளில் விளக்கின் பிம்பம் வெள்ளைப் புள்ளியாகக் குத்துகிறது. பார்வையாளர் அரை நிமிடம் நின்று, கறுப்புப் பலகை என்று தீர்ப்புச் சொல்லி நகர்கிறார். அந்தத் தீர்ப்புக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் காட்டப்பட்டது அதுதான்.

காட்சிக்கூடத்தார் சொல்லும் நடைமுறைக் காரணங்களையும் தள்ளிவிடக் கூடாது. நடுக்கூடத்தில் நிற்கும் கித்தானை யாராவது இடித்துவிடலாம். கூரை எடையைத் தாங்க வேண்டும். ஒரு படம் நிற்க நான்கு படங்களின் இடம் போகிறது. இவற்றுக்குப் பணமும் இடமும்தான் விடை, எல்லா ஊர்களிடமும் அவை இல்லை. வெளிச்சம் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு மட்டும் இங்கே பொருள் குறைவு. கரிக்கறுப்பு வெளிச்சத்தில் எளிதில் மங்கும் நிறமல்ல. வாதுமைச் சாயமும் காகிதமும்தான் வெளிச்சத்தைத் தாங்காதவை; அவற்றை மங்கலான அறையில் வைப்பது நியாயம். 2014 மே மாதம் ரொதெஸில் திறந்த சூலாஜ் அருங்காட்சியகம் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த ஆர்.சி.ஆர். என்ற மூவர் கட்டடக்குழு, துருவேறிய நிறத்துடன் நிற்கும் எஃகுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியதுபோல அதை அமைத்தது. 2017-இல் அவர்கள் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார்கள். ஏறத்தாழ 500 படைப்புகள் கொண்ட கொடை அங்கே இருக்கிறது, பெரும்பகுதி காகிதப் படைப்புகளும் அச்சுப் படைப்புகளும் கோங்க் சன்னல்களின் வரைவுகளும். காகிதத்துக்கு ஒரு வெளிச்சம், கித்தானுக்கு ஒரு வெளிச்சம். தம் பெயரிலுள்ள அந்த இடத்தில் பிற ஓவியர்களின் கண்காட்சிகளுக்கும் ஒரு பெரிய கூடம் வேண்டும் என்று சூலாஜ் நிபந்தனை போட்டதும் பதிவு செய்யத் தக்கது.

கடைசி மறுப்பு ஓவியரின் சொந்த நம்பிக்கையிலிருந்தே வருகிறது. ஒரு படத்தின் பொருள் படைத்தவர், படைக்கப்பட்ட பொருள், பார்ப்பவர் ஆகிய மூவரின் உறவில் உருவாகிறது, அதை ஓவியர் ஒருவர் முடிவு செய்துவிட முடியாது என்பது சூலாஜ் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த கருத்து. அப்படிச் சொன்னவர் எங்கே நிறுத்துவது, எந்த வெளிச்சத்தில் நிறுத்துவது என்பதில் மட்டும் பிடிவாதம் காட்டலாமா? காட்டலாம், காட்டத்தான் வேண்டும். சுவரில், ஒரே விளக்கின் கீழ் இருக்கும் கறுப்பு ஓவியம் பார்ப்பவருக்கு ஒரே ஒரு தோற்றத்தைத் தருகிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர் விளக்கைத் திருப்பிய ஊழியர். கூடத்தின் நடுவே, பகல் வெளிச்சத்தில் நிற்கும் அதே ஓவியம் நடப்பவரின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தோற்றத்தைத் தருகிறது, தேர்வு அவருடையதாகிறது. மூவர் உறவு என்று சூலாஜ் சொன்னதில் மூன்றாமவருக்குக் கால் கொடுத்தது அந்த ஏற்பாடு. மறுப்பாளர்கள் முரண்பாடு என்று நினைப்பது, அந்த நம்பிக்கை கூடத்தின் தரையில் நடைமுறையான விதம்.

சூலாஜ் 2022 அக்டோபரில் 102 வயதில் காலமானார். தம் படங்கள் எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்று இனி அவர் வந்து சொல்ல முடியாது. ஒரு படத்துக்கான அருங்காட்சியகப் பதிவேட்டில் அளவு, தேதி, வண்ணப்பொருள், கொடையாளி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அது வடத்தில் நின்றதா சுவரில் இருந்ததா, எத்திசை வெளிச்சம், எதிரே எவ்வளவு வெற்றிடம் விடப்பட்டது என்பவற்றுக்கும் அதே பதிவேட்டில் இடம் வேண்டும். அவரோடு நின்று ஏணியில் ஏறி வடம் கட்டியவர்களும், விளக்கை அவர் சொன்னபடி திருப்பியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். உலகின் பல நாடுகளில் அவருடைய கறுப்பு ஓவியங்களை வைத்திருக்கும் ஒவ்வோர் அருங்காட்சியகமும் அவர்களைத் தேடிப் போய், கேட்டு, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதே.